மிச்சிலும் எச்சிலும்

தைத்திங்கள் முதல்நாளில் இல்லந்தோறும் புத்தரிசிப் பொங்கல் பொங்குகின்றது. சருக்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும், பலகாய் சேர்ந்த குழம்பும், அவியலும் வடையும் இலையை நிறைக்கின்றன. விருந்தினர் எத்துணைப் பேர் வருவர் என்று முன்னரே அறுதியிட்டு உரைத்தல் அரிது. வந்தவர்க்கு இல்லை என்னாதிருத்தல் தமிழர் பண்பு. ஆதலின், இல்லறத்தார் சற்று மிகுதியாகவே உலையேற்றுகின்றனர். விருந்து முடிந்தபின் பானையில் உணவு எஞ்சுதலும் இயல்பே. அங்ஙனம் எஞ்சியதனை யாது செய்தல் தகும்? விழாநாளின் மாலையில் எழும் இவ்வினா, நோக்குங்கால் சிறிதன்று.

எஞ்சிய உணவை இரு சொற்களால் வேறுபடுத்தி வழங்குதல் நலம். விருந்தினர் உண்டபின் கலத்தில் எஞ்சி நிற்பது மிச்சில்; உண்டவர் இலையில் விட்டுச் செல்வது எச்சில். விருந்தினரை உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்பவனைத் திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் சிறப்பித்துக் கூறுகின்றார். ஆண்டு அவர் ஆளும் சொல் மிச்சில் என்பதே. எனவே, மிச்சில் இழிவுடைய பொருளன்று. விருந்தோம்பிய வீட்டின் பெருமைக்கு அது சான்று. எச்சிலோ மீண்டும் பயன்கொள்ளற்கு ஆகாது. ஆதலின், முதற்கண் சிறிதே இடுதலும், வேண்டுவார் மீண்டும் கேட்டுப் பெறுதலும் பந்திக்கு அழகாம். இலையில் வீணாகாத ஒவ்வொரு பிடியும் பானையில் மிச்சிலாக நின்று மறுநாள் பயன்படும்.

நம் முன்னோர் மிச்சிலைப் பயன்கொள்ளப் பல வழி கண்டனர். எஞ்சிய சோற்றில் தூய நீர் பெய்து மூடிவைத்தால், விடிவதற்குள் அது சற்றே புளித்துப் பழையதாகின்றது. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனமே இப்புளிப்பையும் விளைக்கின்றது. அந்நீரை நீராகாரம் எனப் பருகி, சோற்றில் மோரும் உப்பும் இட்டு, சின்ன வெங்காயத்தைத் துணையாகக்கொண்டு உண்டு உழவர் கழனிக்குச் சென்றனர். திருநெல்வேலிப் பகுதியில், விருந்தில் எஞ்சிய குழம்பையும் அவியலையும் பொரியலையும் மட்கலத்தில் ஒருங்கே பெய்து, மெல்லிய தீயில் நீர் வற்றுமளவும் சுண்டவைப்பர். அதற்குச் சுண்டக்கறி என்று பெயர். ஆறிய வடை தயிரில் ஊறித் தயிர்வடையாகின்றது. சோறு மிக எஞ்சினால், உப்பும் சீரகமும் பச்சைமிளகாயும் கூட்டிப் பிசைந்து, சிறுசிறு துண்டுகளாக இட்டு வெயிலில் உலர்த்தி வடகமாக்குவர். நன்கு உலர்ந்த வடகம் பல திங்கள் கெடாதிருக்கும்.

இவ்வழிகளில் அமைந்துள்ள நுட்பம் யாதெனின், புளிக்கவைத்தல், நீர் வற்றக் காய்ச்சுதல், உலர்த்துதல் என்னும் மூன்றேயாம். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பல, புளிப்பிலும் ஈரமற்ற இடத்திலும் எளிதிற் பெருகுவதில்லை. கருவிகொண்டு ஆராயாத அந்நாளிலேயே நம் பாட்டிமார் இதனைப் பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

பறவைகளையும் அவர்கள் மறந்தாரல்லர். பொங்கலின் மறுநாட் காலையில், முதல்நாள் எஞ்சிய சோற்றில் மஞ்சளும் குங்குமமும் தயிரும் தனித்தனியே கலந்து, வண்ண வண்ணப் பிடிகளாக மஞ்சள் இலையின்மீது வைத்துப் பறவைகளை ஊட்டும் வழக்கம் சில இல்லங்களில் இன்றும் உண்டு. அதனைக் கணுப்பிடி என்பர்.

மாணவர்களே! பழையது என்றவுடன் உங்களுள் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். அதுவும் புதுமையன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், பழஞ்சோற்றை வெறுத்த சிறுவர் அவல் இடிக்கும் செய்தி வருகின்றது. பழையதும் தொன்மையுடையது, அதனை வெறுக்கும் பிள்ளைமையும் தொன்மையுடையதே!

எனினும், சிக்கனம் அறிவோடு கூடியதாதல் வேண்டும். சோற்றில் பாசில்லசு சீரியசு என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் இருத்தல் கூடும். அவை கொதிநீரிலும் அழியாது எஞ்சுவதுண்டு. சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாகக் கிடப்பின், அவை முளைத்துப் பெருகுகின்றன. அவை விளைக்கும் நஞ்சுகளுள் ஒருவகை, மீண்டும் சுடவைத்தாலும் நீங்குவதில்லை. ஆகவே, எஞ்சிய சோற்றைப் பெரும்பானையிலேயே மூடிவையாது, அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆற்றுக. பழையதற்கு வேண்டுமளவு எடுத்து உடனே நீர் பெய்து, மறுநாட் காலையிலேயே உண்டு முடிக்க. ஏனையதை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உண்ணுங்கால் ஆவி பறக்கச் சுடவைக்க. தேங்காய் அரைத்துச் சேர்த்த கூட்டு விரைவில் கெடுமாதலின், அதனை முதலில் உண்க. தீநாற்றம் வீசினாலும், நூல்போல் இழையோடினாலும் அவ்வுணவைத் தயங்காது விலக்குக. கெட்டதை உண்டு நோயுறுதல் சிக்கனம் ஆகாது.

இன்னும் ஒன்று எண்ணத்தக்கது. மிச்சிலை உண்பவர் யாவர்? பல இல்லங்களில், கணவனுக்கும் மக்களுக்கும் புதுச்சோறு படைத்துவிட்டு, அடுக்களையின் ஓரத்தில் அமர்ந்து பழையதைத் தனியே உண்பவள் தாய். அவள் வாய்விட்டுக் கூறுவதில்லை. ஆதலின், அதனை எவரும் கருதுவதுமில்லை. பழையது நல்லுணவாயின், அது வீட்டார் அனைவர்க்கும் நல்லுணவே. கெட்டதாயின், அவளுக்கும் அது கேடே. ‘அம்மா, எனக்கும் பழையது போடுங்கள்; இருவரும் சேர்ந்து உண்போம்’ என்று சொல்லும் பிள்ளை, உணவை மட்டுமன்றித் தாயையும் போற்றியதாகும்.

பிறர்க்கு ஈதலும் அத்தகையதே. விருந்து முடிந்த அப்பொழுதே, நாம் உண்ட அதே உணவைத் தூய கலத்தில் இட்டு, இன்சொல்லோடு வறியவர்க்கு வழங்குதல் ஈகையாம். மூன்றாம் நாள், நாம் முகர்ந்து பார்த்து ஒதுக்கியதை ஏழையின் கையில் இடுதல் ஈகையன்று. நம் வீட்டுக் குப்பையைப் பிறர் வயிற்றில் கொட்டுதலே அது.

2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு, தோல் முதலிய உண்ணாப் பகுதிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. அதில் 60 விழுக்காடு வீணானது இல்லங்களிலேயாம். இத்துணைப் பெரிய குவியலும் சிறுசிறு பிடிகளால் ஆயது. ஆதலின், அதனைக் குறைத்தலும் பிடி பிடியாகவே இயலும். அளவறிந்து சமைப்போம், இலையில் வீணாக்காது உண்போம், எஞ்சியதைக் காலத்தே காத்து, பகிர்ந்து உண்போம். உழவர் ஆண்டெல்லாம் உழைத்து ஈந்த நெல்லுக்கு நாம் செய்யும் நன்றி இதுவேயாகும்.