ஒத்தடம் கொடுக்கும் கை



தங்கையே, கடம்பத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்யும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், உன்னைப் போன்றவர்களை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. ஆஸ்பத்திரி மேசையில் தெரியாத பலவும் அங்கே தெரியும். அவற்றில் ஒன்று, தலையணைக்குப் பக்கத்தில் வயரோடு கிடக்கும் ஹீட்டிங் பேட்.

கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு, கூட்ட ரயிலிலும் நின்றே ஊர் திரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். இடுப்பு வலிக்கு மாத்திரை வேண்டாம் என்று நினைப்பவர்கள் பேட் வாங்குகிறார்கள். அது நல்ல முடிவுதான். ஆனால் பேட் வாங்கிய வீட்டில் ஒத்தடத்தின் முறை மறந்துபோகிறது.

பாட்டிமார் ஒத்தடம் கொடுப்பதைப் பார்த்திருப்பாய். கல் உப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் தங்கள் புறங்கையில் வைத்துப் பார்ப்பார்கள். சுட்டால் கொஞ்சம் ஆறவிடுவார்கள். பிறகுதான் வலிக்கிற இடத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். ‘ஒற்று’ என்பதிலிருந்து வந்த சொல்தான் ஒத்தடம்; வைத்து அழுத்திவிட்டுத் தூங்கப் போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. மூட்டையும் நிமிடத்துக்கு நிமிடம் ஆறிக்கொண்டே வரும். கொடுப்பவரின் கை, எடுத்து எடுத்து வைப்பது, தானே ஆறுவது என்று அதில் மூன்று காவல் இருந்தன. பேடில் இந்த மூன்றும் கிடையாது.

துணி பேடுக்குள் மெல்லிய கம்பி சுற்றிச் சுற்றி ஓடுகிறது. மின்சாரம் அதன் தடையைத் தாண்டிப் போகும்போது சூடாகிறது. சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஆனால் அது தான் இருக்கும் இடத்துச் சூட்டை மட்டுமே அறியும். பேடை விரித்து அதன் மேல் படுத்துவிட்டால், முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். அதனால்தான் பேடின் மேல் படுக்கக் கூடாது, பேடை உடம்பின் மேல் வைக்க வேண்டும் என்கிறோம். மடித்து வைப்பதும் ஆபத்து. மடிப்பில் கம்பி முறியும், சூடு ஓரிடத்தில் குவியும். கடைகளில் கிடைக்கும் மின்சார ஜெல் பை வேறு வகை. அதைச் சூடாக்கி, விளக்கு அணைந்ததும் பிளக்கைக் கழற்றிய பிறகே உடம்பில் வைக்க வேண்டும். பல வீடுகளில் சொருகியபடியே வயிற்றில் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது திரவம், சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். பை கசிந்திருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று நீயே கையில் வாங்கிப் பார்.

சூட்டின் அளவோடு நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: 60 டிகிரி செல்சியஸ் சூடு சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும், 44 டிகிரி அதே வேலையைச் செய்ய ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆறு மணி நேரம் என்பது ஓர் இரவுத் தூக்கம். தொட்டால் இதமாக இருக்கும் பேடும் விடியும்போது கொப்புளம் தந்துவிடும்.

உடம்பு இதற்கு ஓர் எச்சரிக்கை மணி வைத்திருக்கிறது. நரம்பு நுனியில் உள்ள ஒரு புரதம் சுமார் 43 டிகிரியில் விழித்துக்கொண்டு ‘சுடுகிறது’ என்று சொல்லும். மிளகாயின் காரமும் அதே புரதத்தைத்தான் தட்டுகிறது. 1997-இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சர்க்கரை நோய் நரம்பைத் தின்றுவிட்ட காலில் அந்த மணி அடிக்காது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழகப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

அதனால் பேடைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு எவர்சில்வர் டம்ளர் கேள். ஒன்றில் பானைத் தண்ணீர், மற்றதில் கைக்கு இதமான வெந்நீர். வெந்நீர் டம்ளரை உன் கையில் வைத்துப் பார்த்த பிறகு, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, காலிலும் இடுப்பிலும் மாற்றி மாற்றித் தொட்டு, “சூடா, ஜில்லா?” என்று கேள். தடுமாறினால் அந்த இடத்தில் சூடே வேண்டாம்.

பக்கவாதம் வந்த வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். விழுந்த கைக்குச் சூடு காட்டினால் உணர்ச்சி திரும்பும் என்று நம்பி, மகள் பாசத்தோடு பேடைச் சுற்றிவிடுவாள். உணர்ச்சியில்லாத கை, பேச்சு வராத வாய்; வெந்துபோனாலும் யாரிடம் சொல்வார்? அந்த மகளைத் திட்டாதே. கையை எப்படி மடக்கி நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடு. அவள் அக்கறைக்கு ஒரு வேலை கிடைக்கும்.

தினமும் பேட் போடுகிறவரின் இடுப்பைத் திருப்பிப் பார். வலை விரித்ததுபோல் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது தேமல் இல்லை, அழுக்கும் இல்லை. கொப்புளம் வராத மெல்லிய சூடு மாதக்கணக்கில் பட்டதன் தழும்பு. காஷ்மீரில் கனல் நிரப்பிய காங்கிரியை உடைக்குள் வைத்துக் குளிர் காய்பவர்களின் தொடையிலும் வயிற்றிலும் இதே வலை விழும்; ஆண்டுக்கணக்கில் பட்டு, சிலருக்கு அது தோல் புற்றாக மாறியதை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள். கோடுகளைப் பார்த்த அன்றே பேடை நிறுத்தச் சொல்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து, சூடே கூடாது என்று சொல்லிவிடாதே. 2001-இல் வந்த ஓர் ஆய்வில், வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் 38.9 டிகிரி பட்டை, மாதவிடாய் வலிக்கு ஐபுப்ரோஃபென் மாத்திரை அளவுக்குக் கேட்டது. ஷிப்டுக்குப் போகும் பெண்ணுக்கு இது பெரிய செய்தி. காய்ச்சல் அளவுச் சூடே போதும் என்பதைக் கவனி. சுடச் சுட வைத்தால்தான் வலி கேட்கும் என்ற எண்ணத்தை மாற்ற இந்த ஒரு எண் உதவும்.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பேடுக்கும் தோலுக்கும் நடுவே துண்டு. 15, 20 நிமிடம் போதும், ஐந்தாவது நிமிடத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தைலம் தடவிய இடத்திலும் மருந்துப் பட்டை ஒட்டிய இடத்திலும் கூடாது. புதிதாகச் சுளுக்கி வீங்கியதற்கு முதல் இரண்டு நாள் சூடு ஆகாது. தூக்க மாத்திரை போட்டவரிடம் சுவிட்சைக் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும்.

உட்கார ஆளில்லாத வீடுகளும் வரும். மகன் இரவு ஷிப்டில், மருமகள் காலையில் கிளம்புகிறவள். அங்கே பேடைச் சுருட்டாமல் அலமாரியில் வைத்துவிட்டு, அவர்களில் ஒருவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் உப்பு வறுக்கச் சொல். முதல் நாள் நீயே வறுத்து, முடிந்து, உன் புறங்கையில் வைத்துக் காட்டு.