கண்ணும் பாட்டுக் கேட்கிறது!



புதுச்சேரி ரயிலடிக்கு அருகில் உள்ள இருதய ஆண்டவர் தேவாலயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1907-ல் கட்டி முடிக்கப்பட்டது. உயர்ந்த கூரை, கூர்முனை வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். வீட்டில் கேட்ட அதே பாட்டை அங்கே பாடக் கேட்டால் தனி இனிமை தெரியும். அந்த இனிமையைத் தருவது சுவர்களா, வண்ணக் கண்ணாடிகளா?

முதலில் சுவர்களைப் பார்ப்போம். கெட்டியான, வழவழப்பான சுவர்கள் ஒலியைக் குறைவாகவே உட்கவரும். பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே பாடகர் நிறுத்திய பிறகும் ஒலி சற்று நேரம் நீடிக்கிறது. இதுவே எதிர்முழக்கம். அரங்கின் கனஅளவு கூடினால் இந்த நேரம் கூடும். திரைச்சீலை, மெத்தை, மக்கள் கூட்டம் இவை கூடினால் குறையும். இதைக் கண்டறிந்தவர் அமெரிக்க இயற்பியல் அறிஞர் சபைன். கண்ணை மூடிக்கொண்டாலும் எதிர்முழக்கம் மாறாது. ஏனெனில் அது காற்றில் நடப்பது.

ஆனால் கேட்டல் காற்றோடு முடிவதில்லை, மூளையில்தான் முடிகிறது. அங்கே கண்ணும் சாட்சி சொல்ல வருகிறது!

தொலைக்காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி பெட்டியின் அடியிலோ பின்புறமோ இருக்கிறது. குரலோ நடிகரின் வாயிலிருந்து வருவதாகவே தோன்றுகிறது. திசையை அறிவதில் நம் காது மிகச் சிறப்பாகச் செயல்பட்டாலும் ஏறத்தாழ 1 பாகை வரைதான் பிரித்தறியும். கண்ணோ அதில் அறுபதில் ஒரு பங்கைக்கூடப் பிரித்தறியும். இரண்டும் முரண்படும்போது, மூளை துல்லியமான சாட்சியை நம்புகிறது.

1976-ல் மெகர்க், மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் இன்னொரு வியப்பை வெளியிட்டார்கள். ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ என்று உச்சரிக்கும் முகத்தின் படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். பலருக்குக் கேட்டது ‘டா’! கண்ணை மூடியதும் ‘பா’ திரும்பிவிட்டது.

ஓர் எழுத்தையே கண் மாற்றிவிடுமானால், ‘நன்றாகப் பாடினாள்’ என்ற தீர்ப்பை மாற்றாதா? பள்ளிப் பாட்டுப் போட்டியில் பட்டுப்பாவாடை கட்டியவளும், சாயம் போன சீருடை அணிந்தவளும் ஒரே தரத்தில் பாடினால் ஒரே மதிப்பெண் கிடைக்குமா? இந்த ஐயத்தால்தான் அமெரிக்காவின் பல இசைக்குழுக்கள் 1970-களிலிருந்து, ஆள் எடுக்கும்போது, திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கின.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். மெல்லிய துணிக்குப் பின்னால் ஒரு கைபேசியை மறைத்து வையுங்கள். துணிக்கு முன்னால் ஒரு முறை பளபளப்பான பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி; மறுமுறை துருப்பிடித்த தகர டப்பா. பாட்டும் ஒலியளவும் மாறக்கூடாது. ஒலியின் தரத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நண்பர்களை எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு டப்பாவை முதலில் காட்டுங்கள். இல்லையேல் வரிசையே முடிவைக் கெடுத்துவிடும். இரண்டு சராசரிகளும் தெளிவாக வேறுபட்டால், அந்த வேறுபாடு கண் வழியே வந்ததாக இருக்கலாம்.

முடிவு கிடைத்ததும் உங்கள் இசை ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த போட்டிக்கு மேடையில் ஒரு திரை கட்டலாமா என்றும் கேளுங்கள்.