பிரான்சைஸி பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி போன மாதம் ஒரு ஃபைலோடு வந்தார். "பெரியப்பா, நீங்க பேங்க்ல இருந்தவங்க. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஒரு நிறுவனம் இயற்கை அங்காடிக்கு பிரான்சைஸி கொடுக்கிறதாம். பெயரும் சரக்கும் அவர்களுடையது. கடையும் பணமும் நம்முடையது. வழவழ தாளில் 'மாதம் 3 லட்சம் விற்பனை, 25 சதவீத லாபம்' என்று அச்சடித்திருந்தது. தம்பியின் அப்பா பல வருடமாக இயற்கை விவசாயம். வீட்டில் விளையும் நிலக்கடலையையும் தூயமல்லி அரிசியையும் சொந்தக் கடையிலேயே விற்றுவிடலாம் என்பது அவருடைய ஆசை.

காலமெல்லாம் கடன் மனு பார்த்தவன் நான். லாபக் கணக்கைக் கடைசியாகத்தான் படிப்பேன். முதலில் ஒப்பந்தம். ஆங்கிலத்தில் 22 பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது விஷயம்: எல்லாச் சரக்கும் தலைமை அலுவலகத்திடம் மட்டுமே வாங்க வேண்டும், வெளிச்சரக்கு வைத்தால் ஒப்பந்தம் ரத்து, டெபாசிட் திரும்பாது. தம்பி அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அப்பாவின் கடலை மகனின் கடைக்குள் நுழைய முடியாது! சரி, நிறுவனமாவது அந்தக் கடலையை வாங்குமா? வாங்கும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

கடையை விட்டு விலகினால் இரண்டு வருடம் அதே ஊரில் இதே வியாபாரம் செய்யக்கூடாது என்றும் போட்டிருந்தது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி இது கோர்ட்டில் பெரும்பாலும் நிற்காது. ஆனா கோர்ட்டுக்கு அலைவது நாமதானே. பிரான்சைஸிக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் கிடையாது. அதனால் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் நமக்குப் பாதுகாப்பு. வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் சேராது.

பிறகு நோட்டை எடுத்தோம். உரிமைக் கட்டணம் 3 லட்சம், அதற்கு ஜிஎஸ்டி 54,000, டெபாசிட் 2 லட்சம், உள்வேலை 4 லட்சம், முதல் சரக்கு 3 லட்சம். மொத்தம் 12,54,000 ரூபாய். 11 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் மாதம் 11,500. வாடகை 15,000, இரண்டு ஆள் சம்பளம் 24,000, கரண்ட் முதலான சில்லறைச் செலவு 5,000. ஆக, ஷட்டரைத் திறந்தாலே மாதம் 55,500 போய்விடும். லாபம் 25 சதவீதம் என்றாலும் ராயல்டி 3, வண்டு விழுந்தது, தேதி முடிந்தது என்று ஒரு 3 கழித்தால் நிற்பது 19 சதவீதம். மாதம் 2,92,000 ரூபாய்க்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. இதில் தம்பியின் சம்பளம் இல்லை, அசல் தவணையும் இல்லை.

நாளைக்குப் பத்தாயிரம் வியாபாரம். ஒரு பில் 250 என்று வைத்தால் 40 பேர் வர வேண்டும். வருவார்களா? அவர்களுடைய இன்னொரு கிளை பக்கத்து டவுனில் இருக்கிறது. எதிரே டீக்கடை. சனிக்கிழமை ஒரு நாள், செவ்வாய்க்கிழமை ஒரு நாள் காலையிலிருந்து கடை சாத்தும் வரை உட்கார்ந்து எண்ணினோம். பையோடு வெளியே வந்தவர்கள் சனிக்கிழமை 31, செவ்வாய் 14. (டீக்கடைக்காரர் எங்களை வருமான வரி ஆள் என்று நினைத்துவிட்டார்.) கிளை நடத்துபவரிடமும் பேசினோம். "சரக்கு கேட்டா பத்து நாள் ஆகுது, கேக்காத சரக்கு தானா வருது" என்றார். நிறுவனம் காட்டும் கிளையை மட்டும் பார்க்காதீர்கள். மூடிப்போன கிளைக்காரரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், ஒரு கம்பெனி தாக்கல் செய்த வரவு செலவுக் கணக்கைப் பார்க்கலாம். வருமானம் சரக்கு விற்றதில் வருகிறதா, புது ஆள் கட்டும் கட்டணத்தில் வருகிறதா என்று அங்கே ஓரளவு தெரியும். ஜிஎஸ்டி எண் உயிரோடு இருக்கிறதா என்பதை இலவசமாகவே பார்க்கலாம்.

நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, 'இயற்கை' என்பதற்கு என்ன ஆதாரம் என்று. பிஜிஎஸ் சான்றா, என்பிஓபி சான்றா, எந்தச் சரக்குக்கு? 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விற்ற கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. பில்லோடு எழுத்து உத்தரவாதம் தராதவரிடம் மூட்டை இறக்காதீர்கள்.

கடையே பார்க்க வேண்டாம், மாதாமாதம் நிச்சயத் தொகை வரும் என்று எவராவது சொன்னால், அது பிரான்சைஸி இல்லை, டெபாசிட் வசூல். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்களைக் கேளுங்கள்.

தம்பி மூன்று திருத்தம் கேட்டு மெயில் அனுப்பினார்: சொந்த விளைச்சலுக்கு ஒரு அலமாரி, விற்காத சரக்கைத் திரும்ப எடுத்தல், விலகினால் 60 நாளில் டெபாசிட். மூன்று வாரமாகப் பதில் இல்லை. தினமும் போன் செய்த ஏஜென்ட் இப்போது எடுப்பதே இல்லை. அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார், 'புக்கிங்' என்று 25,000 ஏற்கெனவே ஜிபேயில் போட்டாராம். நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, அந்த ஏஜென்டின் சொந்த நம்பருக்கு. ரசீதும் இல்லை. அதற்கு வக்கீல் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கிறோம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.