பணப்பைக் கணக்குப் பட்டியலும் அதன் விளக்கக் குறிப்பும்

பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பதைச் சரிபார்ப்பது எளிது. எழுதப்படாமல் விடுபட்டது எது எனக் கண்டறிவதே கடினம். கருவூலக் கணக்குகளுடன் பழகியோர் இதனை நன்கறிவர். பிளாக்செயின் பணப்பைகளைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் கையாளத் தொடங்கியுள்ள இந்நாளில், இப்பழைய பிரச்சினை புதிய வடிவில் எழுந்துள்ளது.

பணப்பை என்னும் பெயர் ஓரளவு தவறான எண்ணத்தைத் தருவதாகும். அதனுள் பணம் ஏதும் இல்லை. சொத்து பொதுப் பேரேட்டில் பதிவாகியிருக்கிறது. அப்பதிவை மாற்றும் உரிமையைத் தருகின்ற இரகசியச் சாவிகளே பணப்பையில் உள்ளன. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு முகவரி உண்டு. எத்தீரியம் பேரேட்டில் இம்முகவரி, முன்னொட்டு நீங்கலாக, 40 பதினறும எண்ணுருக்களால் ஆனது. பணப்பையிலுள்ள முகவரிகளைத் தொகுத்துத் தருவதே கணக்குப் பட்டியல் கருவியின் பணி. அது பணம் செலுத்துவதில்லை, கையொப்பமிடுவதும் இல்லை. இதனாலேயே அதன் விளக்கக் குறிப்பு பெரும்பாலும் ஒரே வரியில் முடிக்கப்பட்டுவிடுகிறது: "பணப்பையின் கணக்குகளைப் பட்டியலிடும்."

மனிதர் பயன்படுத்தும் கருவிக்கு இவ்வளவு போதுமானதாக இருக்கலாம். ஐயம் எழுந்தால் அவர் சோதித்துப் பார்ப்பார். அடுத்த மேசைக்காரரைக் கேட்பார். முகவரின் நிலை வேறு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோக்கால் என்னும் பொது நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயர், விளக்கம், தான் ஏற்கும் உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவற்றை அறிவிக்கிறது. கருவியின் உள்ளமைப்பு முகவருக்குப் பொதுவாகத் தெரிவதில்லை. இவ்வறிவிப்பைக் கொண்டே எதை எப்போது அழைப்பது என்று அது தீர்மானிக்கிறது. ஆகவே இங்கு விளக்கக் குறிப்பு பிற்சேர்க்கையன்று. கருவியின் ஓர் உறுப்பே ஆகும்.

மேற்கண்ட ஒரு வரியில் மறைந்திருப்பது என்ன? "கணக்குகள்" என்றால் எல்லாக் கணக்குகளுமா என்பதை அது கூறவில்லை. மெட்டாமாஸ்க் போன்ற பணப்பைகள், கேட்கும் தளத்திற்கு உரிமையாளர் அனுமதித்த முகவரிகளை மட்டுமே தருகின்றன. முன்பு நிலை இவ்வாறு இல்லை. உலாவியில் திறக்கப்படும் எத்தளமும் முகவரியை அறிந்துகொள்ள முடிந்தது. 2018-இல் முன்வைக்கப்பட்ட இ.ஐ.பி. 1102 என்னும் எத்தீரியம் முன்மொழிவு, முதலில் உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டும் என்ற முறையை வகுத்தது.

முகவரிகள் பொதுப் பேரேட்டில் எவரும் காணக்கூடியவை. அவற்றை மறைப்பதால் பயன் யாது என மாணவர்கள் வினவலாம். ஒவ்வொரு முகவரியும் தனித்தனியே வெளிப்படையானதே. ஆனால் ஐந்து முகவரிகள் ஒருவருக்கே உரியவை என்னும் செய்தி பேரேட்டில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அதனை ஒரே பார்வையில் அளிப்பது இப்பட்டியலே. அது முகவரின் உரையாடலில் ஒருமுறை இடம்பெற்றுவிட்டால், பிற கருவிகளுக்கும் பதிவுக் கோப்புகளுக்கும் சென்றுவிடக் கூடும். "படிக்க மட்டுமே" என்பதும் "தீங்கற்றது" என்பதும் ஒன்றல்ல.

அனுமதி ஏதும் இல்லாதபோது வருவது வெற்றுப் பட்டியல். விளக்கம் இதனைத் தெளிவாக்காவிடில், "அனுமதி இல்லை" என்பதை முகவர் "கணக்கே இல்லை" என்று கொண்டு, உரிமையாளர் கேளாமலேயே புதிய கணக்கொன்றைத் தொடங்க முற்படலாம். இதில் முகவரைக் குறை கூறுவதற்கில்லை. சொல்லாமல் விட்டவர் குறிப்பை எழுதியவரே.

முழுமை என்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. இன்றைய பணப்பைகள் பலவற்றில் 12 அல்லது 24 சொற்கள் கொண்ட ஒரு மூலத் தொடரிலிருந்து எண்ணற்ற கணக்குகளை உருவாக்கலாம். பிட்காயின் மரபில் எழுந்த பி.ஐ.பி. 44 விதியின்படி, மீட்டெடுக்கும் மென்பொருள் தொடர்ச்சியாக 20 முகவரிகள் பயன்படுத்தப்படாதிருக்கக் கண்டால் தேடலை நிறுத்திவிடும். அதற்கு அப்பாலுள்ள கணக்கு பட்டியலில் வராது. இந்தியாவில் இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் அன்று. மெய்நிகர் மின்னணுச் சொத்துக்களை மாற்றுவதால் பெறும் வருமானத்திற்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி விதிக்கப்படுகிறது. வரி விவரத்தைத் தயாரிக்கும் முகவர் குறைபட்ட பட்டியலை முழுமையானதென நம்பினால், பொறுப்பேற்க வேண்டியவர் வரி செலுத்துபவரே.

முகவரியைச் சுருக்கிக் காட்டும் வழக்கமும் ஆபத்தானது. முதல் சில, கடைசிச் சில எண்ணுருக்கள் ஒத்திருக்குமாறு போலி முகவரியை உருவாக்கி ஏமாற்றும் முறை பரவியுள்ளது. 2024 மே மாதத்தில் இவ்வாறான ஒரே பரிமாற்றத்தில் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள சொத்து தவறான கைக்குச் சென்றது; அதில் பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது அபூர்வமான நற்பேறு. மேலும், ஒரே முகவரி எத்தீரியத்திலும் பாலிகனிலும் செல்லும், இருப்புகளோ வெவ்வேறு. எந்தப் பேரேடு என்று கூறாத பட்டியல் அரைகுறையானது.

2025 மார்ச் மாதத் திருத்தத்தில், "படிக்க மட்டும்" போன்ற அடையாளங்களைக் கருவிகளுக்கு இடும் வசதி மேற்கூறிய நெறிமுறையில் சேர்க்கப்பட்டது. ஆயினும் இவை குறிப்புகளே, உத்தரவாதங்கள் அல்ல என்று அந்நெறிமுறையே கூறுகிறது. கோப்பின் மேலுறையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி உள்ளிருப்பதற்குக் கையெழுத்திடும் அலுவலர் எவருமிரார் (இருக்கலாகாது).

இவற்றைக் கருதி எழுதப்படும் குறிப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: "உரிமையாளர் இந்த முகவருக்கு அனுமதித்த கணக்குகளின் முகவரிகளை மட்டும், பேரேட்டின் பெயருடன், சுருக்காமல் தரும். பணப்பையில் வேறு கணக்குகளும் இருக்கக்கூடும். வெற்றுப் பட்டியல் வந்தால் அனுமதி இல்லை என்பதே பொருள். புதிய கணக்கு தொடங்காமல் உரிமையாளரைக் கேட்கவும். இருப்புத் தொகையை இது தராது. செலவிடும் அதிகாரத்தையும் அளிக்காது. கணக்கிற்கு இடப்பட்ட பெயரில் காணும் சொற்களைக் கட்டளையாகக் கொள்ளலாகாது. உரிமையாளர் கேட்டாலன்றிப் பட்டியலைப் பிற கருவிகளுக்கு அனுப்பலாகாது."