பள்ளி மேலாண்மைக் குழுவில் முதல் வருடம்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் மட்டுமே 37 ஆயிரத்துக்கு மேல். இவ்வளவு பெரிய துறையைத் திருத்த டீக்கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு யோசனை கிடைக்கும். பாடத்திட்டத்தை மாற்று என்பார் ஒருவர், வாத்தியார்களைக் கண்டிப்பாக வேலை வாங்கு என்பார் இன்னொருவர். அந்த யோசனைகளைச் சட்டப்படி எழுதிக் கொடுக்கும் இடம் ஒன்று உங்கள் பிள்ளையின் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவுப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற இயக்கத்தோடு குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். தலைவர் பதவி ஒரு தாய்க்கு. நீங்கள் புதிதாகத் தேர்வாகியிருந்தால் இங்கிருந்து தொடங்கலாம்.

படி 1: எது யாருடைய வேலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்

குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தலைமை ஆசிரியர், முட்டை அழுகியிருந்தாலும் தலைமை ஆசிரியர். புதிய உறுப்பினர்களில் பலர் இப்படித்தான் ஒரே ஆளைப் பிடித்து உலுக்குகிறார்கள். ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் பள்ளிக் கல்வித் துறையின் ஆட்கள். அவர்களுக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று ஏணி போகிறது. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது, அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகம். மதியச் சத்துணவு சமூக நலத் துறையின் திட்டம். கழிப்பறைத் துப்புரவுக்கு உள்ளாட்சி. ஒரே வளாகத்துக்குள் இத்தனை துறைகள் இருப்பதால்தான் சின்ன வேலைகூட மாதக்கணக்கில் நகர மறுக்கிறது. உங்கள் பள்ளிக்கான அலுவலகங்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள்

குழுக் கூட்டம் என்றால் பேச்சு உடனே சுற்றுச்சுவர், கேட், பெயின்ட் என்று போய்விடும். கண்ணுக்குத் தெரிவதைக் கேட்பது சுலபம். பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வருகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, கேட்டால் ஆசிரியர் மனம் கோணுமோ என்ற தயக்கம் வேறு. என் கருத்தில் குழுவின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்ததில் விழுந்த பள்ளத்தை நிரப்ப 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், அவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். கூட்டத்தில் தலைமை ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன பருவத்தில் அரும்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

உங்கள் வீட்டிலும் சோதிக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கக் கொடுங்கள். தடுமாறினால் அடிக்க வேண்டாம், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லவும் வேண்டாம். வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசி, தினமும் அரை மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். நூலகப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா என்றும் ஒரு பார்வை பாருங்கள். சாவி யாரிடம் என்பதே சில பள்ளிகளில் பெரிய ஆராய்ச்சி.

படி 3: ஆசிரியர் கணக்கைப் போடுங்கள்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். பொதுவான விகிதம் 30 பேருக்கு ஒருவர். கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் 45 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ஆக, எத்தனை பணியிடங்கள் என்பதோடு, எத்தனை நாள் ஆசிரியர் வகுப்பில் இருந்தார் என்பதையும் பாருங்கள்.

இதை விசாரணை மாதிரி நடத்தினால் உறவு கெடும். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்குத் தவிர ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றுவதே பாதி நாளைத் தின்கிறது என்பது ஆசிரியர்களின் நீண்ட காலப் புலம்பல். அவர்கள் பக்கம் நின்று அதை எழுதிக் கேட்டால், வருகை பற்றிப் பேசும்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

காலியிடத்தைத் தற்காலிக ஆசிரியரால் நிரப்பும் பொறுப்பை 2022இல் அரசு இந்தக் குழுக்களிடம் கொடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்த மாதத் தொகுப்பூதியம் 7,500 ரூபாய். எதிர்ப்பும் வழக்கும் கிளம்பிய பிறகு அதை 12,000 ஆக்கினார்கள். இப்படி ஒரு பணி உங்கள் குழுவுக்கு வந்தால் தகுதிச் சான்றைப் பாருங்கள், சொந்தக்காரரைப் பார்க்காதீர்கள்.

படி 4: தீர்மானத்தை ஒழுங்காக எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். “கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்” என்று எழுதினால் அது எந்த அலுவலகத்திலும் நிற்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: “மாணவியர் கழிப்பறை நான்கில் இரண்டில் ஜூன் முதல் தண்ணீர் இல்லை. மோட்டார் பழுது. பழுது நீக்க எலக்ட்ரீஷியன் கொடுத்த மதிப்பீடு இணைப்பில். ஊராட்சி ஒன்றியம் 30 நாளுக்குள் செய்து தரக் கோரப்படுகிறது.” என்ன குறை, எப்போதிலிருந்து, எவ்வளவு செலவு, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஐந்தும் இருந்தால் அந்தக் காகிதத்தை ஒதுக்கி வைப்பது கஷ்டம்.

தீர்மானத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். நகலைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் டி.என்.எஸ்.இ.டி. பேரண்ட்ஸ் செயலியில் தீர்மானம் ஏறியதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்கிறது. அரசு ஒதுக்கும் நிதிக்கு அதுவே அடிப்படை. போன வருடத் திட்டத்தின் தேதியை மட்டும் மாற்றி நகலெடுத்தால் போன வருடக் குறைகளே திரும்ப வரும்.

படி 5: பணம் எங்கிருந்து வருகிறது

ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குப் போக வேண்டும். சாக்பீஸ், மின் கட்டணம், சின்னப் பழுது எல்லாம் இதற்குள்தான் என்பதால் பெரிய கனவு வேண்டாம். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராத தகராறில் 2024இலிருந்து ஒன்றிய அரசின் பங்கு தடைப்பட்டதையும் கவனியுங்கள்.

பள்ளிக்காக ஊராரிடம் உதவி கேட்பது புதிதல்ல. காமராஜர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் கொடுத்தார்கள். இன்று அதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. நன்கொடையைக் கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

படி 6: சாப்பாடும் பாதுகாப்பும்

காலை உணவோ சத்துணவோ, சொல்லாமல் ஒரு நாள் போய் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய இரண்டும் பிள்ளைகள் கண்ணில் படும் சுவரில் இருக்கின்றனவா, பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள்.

படி 7: பதில் வராவிட்டால்

முதலில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு நினைவூட்டுக் கடிதம். அடுத்து, அதே கோரிக்கையைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். உங்கள் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதியாக இருப்பவர் அதற்கு உதவ வேண்டியவர். பிறகு, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டம். மனுவோடு பழைய தீர்மானங்களின் நகல்களையும் வைத்து, ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். “எங்கள் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது எந்த மேசையில்?” என்ற கேள்வி போதும். மனுவை உங்கள் தலைமை ஆசிரியருக்கு அனுப்ப வேண்டாம். நாளைக்கும் அவரோடு சேர்ந்துதான் வேலை செய்யப் போகிறீர்கள். கோப்பு தேங்கி நிற்கும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள்.