களவு ஒளிபரப்பு: நட்டம் யாருக்கு?



கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று நீளும் நமது கரையோரத்தில் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போன பிள்ளைகள் இல்லாத தெரு இல்லை எனலாம். ஆகவே அங்கு நடந்த ஒரு வழக்கையே இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம். சந்தா கட்டாமல் இணையத்தின் வழியே வரும் தொலைக்காட்சியால் நட்டப்படுபவர் யார்? அதனைத் தடுப்பது ஏன் இத்தனை கடினம்?

முதலில் இக்களவு நடக்கும் விதத்தை நோக்குங்கள். ஒருவன் முறையான சந்தாவைக் கட்டி ஒளிபரப்பைப் பெறுகிறான். அதன் பூட்டை உடைத்து, வேறொரு நாட்டில் வாடகைக்கு எடுத்த கணினியிலிருந்து இணையத்தில் விடுகிறான். அவனுக்குக் கீழே முகவர்கள். அவர்களுக்கும் கீழே சில்லறை விற்பனையாளர்கள். கடைசியில் வீட்டுக்கு வருவது ஒரு சிறு பெட்டியும் ஓர் இரகசியச் சொல்லும். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கண்டதே இராது. பொலிசார் கையில் பெட்டி விற்ற கடைக்காரரே முதலில் அகப்படுவதன் காரணம் இதுதான்.

இனி வழக்குக்கு வருவோம். 2017 ஜூனில் சவூதி அரேபியாவும் அதன் நட்பு நாடுகளும் கத்தாருடன் உறவை முறித்தன. அதே ஆண்டில் ‘பீஅவுட்கியூ’ என்ற பெயரில் ஒரு சேவை தோன்றியது. கத்தாரின் ‘பீஇன்’ நிறுவனம் பெருந்தொகை கொடுத்து உரிமை பெற்ற விளையாட்டுகளை, சில வினாடி தாமதத்தில், தனது முத்திரையைப் பதித்து அது ஒளிபரப்பியது. 2018 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அதன் பெட்டிகள் சவூதியில் பகிரங்கமாக விற்கப்பட்டன.

விளைவு என்ன? 2019 ஜூனில் பீஇன் கத்தாரில் ஏறக்குறைய 300 ஊழியரை நிறுத்தியது. அங்குள்ள அதன் பணியாளரில் இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. களவையே அது காரணமாகக் கூறியது. அவ்வாண்டிலேயே ‘ஃபார்முலா 1’ கார் ஓட்டப் பந்தய உரிமையையும் புதுப்பிக்காமல் விட்டது. மருதமுனை நெசவாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் புதிய கரையொன்றை நெய்து முடிக்குமுன்னே அதன் போலி அடுத்த கடையில் தொங்கினால், மறுமுறை புதிய கரைக்கு நூல் வாங்கத் துணிவாரா? கள்வனுக்கோ நூற்செலவே இல்லை. ஆகையால் அவன் எவ்விலைக்கும் விற்கலாம்.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சவூதியில் வழக்குத் தொடர ஒன்பது சட்ட நிறுவனங்களை நாடியும் ஒன்றும் முன்வந்து நிற்கவில்லை என்று உலக உதைபந்தாட்டச் சம்மேளனமும் ஐரோப்பிய லீக்குகளும் 2019இல் கூட்டாக அறிவித்தன. உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு 2020 ஜூன் 16 அன்று, குற்றவியல் நடவடிக்கை எடுக்காதது சவூதியின் தவறே என்றது. அப்போது பீஅவுட்கியூ ஒளிபரப்பை நிறுத்திப் பல மாதங்களாகிவிட்டன! இரு நாடுகளும் 2021இல் சமாதானமாகி, 2022இல் வழக்கையும் முடித்துக்கொண்டன. வேலையிழந்தவர்களைப் பற்றி அங்கே யார் பேசினார்கள்?

இங்கிலாந்தில் கதை வேறு. 50,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளருக்கு ஆட்டங்களைக் களவாக விற்ற ஐவருக்கு 2023 மே மாதத்தில், மொத்தமாக 30 ஆண்டுகளுக்கு மேல் சிறை விதிக்கப்பட்டது. தலைவனுக்கு மட்டும் 11 ஆண்டு. ஆனால் கவனியுங்கள்: அது பிரீமியர் லீக் தன் சொந்தச் செலவில் தொடுத்த தனியார் வழக்கு. அத்தனை பணம் எல்லோரிடமும் உண்டா? ஒரு சிறு தமிழ்ப் படத் தயாரிப்பாளரால் அது ஆகிற காரியமா?

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் உண்டு. வேண்டுமென்றே உரிமையை மீறுவோருக்கு ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் உதைபந்தாட்டம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது; நீதிமன்றக் கட்டளை அதற்குள் வராது. இதனாலேயே ஆட்டம் நடக்கும் வேளையிலேயே களவுக் கணினிகளை அடைக்கும் கட்டளையை இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2017இல் வழங்கியது.

முறையான சந்தா பல மீனவக் குடும்பங்களுக்கு எட்டாத விலை என்பதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனிச் சந்தா கேட்கும் நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு என்றே சொல்வேன். எனினும் மலிவுப் பெட்டி உண்மையில் மலிவா? இரகசியச் சொல் அடுத்த மாதம் வேலை செய்யாவிட்டால் முறையிட இடமில்லை. சில மலிவுப் பெட்டிகள் விற்பனைக்கு வருமுன்பே தீய நிரல்கள் ஏற்றப்பட்டு வருகின்றன என்றும், அவை வீட்டு இணைப்பையே குற்றவாளிகளுக்கு வழியாக்குகின்றன என்றும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. அதே இணைப்பில்தான் வீட்டாரின் வங்கிக் கணக்கும் பிள்ளையின் பாடமும் திறக்கப்படுகின்றன.