மலையேறிப் பாடப் போகும் மருமகளுக்கு

கோத்தகிரி
ஏப்ரல் மாதம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மே மாதம் முழுக்க நீலகிரி மலையில்தான் இருப்பாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. முதலில் குன்னூரில் ஒரு பள்ளியின் கோடை முகாம், பிறகு கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், கடைசியில் கூடலூர். கிதாரும் குரலும்தான் உன் மூலதனம். ஒரே பாட்டுப் பட்டியலை மூன்று இடத்துக்கும் கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது, கண்ணு. ஏன் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் யூதப் பிள்ளைகளின் கோடை முகாம்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பாடுகிற கலைஞர்களைப் பற்றியும் எழுதியிருந்தாய். நல்ல முன்மாதிரியைத்தான் பிடித்திருக்கிறாய். அங்கே பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து வாரக்கணக்கில் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் தங்குகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் மேசையைத் தட்டிப் பாட்டு. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஓய்வுநாளை வரவேற்கும் பாட்டு. சனிக்கிழமை இருட்டியதும், மெழுகுவர்த்தி ஏற்றி அந்த நாளை வழியனுப்பும் பாட்டு. ஊர் ஊராக வரும் பாடகர் ஓரிரு நாள் தங்கி, அந்தப் பொழுதுகளுக்குத் தம் பாட்டைச் சேர்த்துவிட்டு அடுத்த முகாமுக்குக் கிளம்புவார்.

அந்த உலகத்தில் டெபி ஃப்ரீட்மன் என்ற பெயரை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1951இல் பிறந்தவர். விஸ்கான்சின் மாநிலத்து முகாம் ஒன்றில் கிதாரோடு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். பழைய எபிரேய வழிபாட்டு வரிகளுக்குப் பிள்ளைகள் வாயில் உடனே ஒட்டுகிற மெட்டுகளைப் போட்டார். முகாம் முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளைகள் அந்த மெட்டுகளையும் கொண்டுபோனார்கள். வளர்ந்து பெரியவர்களானதும் தங்கள் ஜெபக்கூடங்களில் அதே மெட்டில் பாடினார்கள். நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்ளும் பிரார்த்தனைக்கு அவர் போட்ட மெட்டு இன்று எத்தனையோ ஜெபக்கூடங்களில் வாராவாரம் ஒலிக்கிறது. 2011இல் அவர் மறைந்தார். யூத குருமார்களைப் பயிற்றுவிக்கும் ஹீப்ரூ யூனியன் கல்லூரி, தன் வழிபாட்டு இசைப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தது. முகாமில் ஆரம்பித்த பாட்டு கோயிலுக்குள் போய்ச் சேர்ந்த கதை இது. மேடையில் நின்று கைதட்டல் மட்டும் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது. பாடகர் ஊருக்குப் போன பிறகும் பிள்ளைகளால் தாங்களே பாட முடிந்தது, அதனால்தான் நடந்தது. உன் மூன்று முகாமுக்கும் இந்த ஓர் அளவுகோல் போதும்: நீ பஸ் ஏறிய பிறகு அங்கே எந்தப் பாட்டு மிச்சமிருக்கும்?

இனி நம் மலைக்கு வருகிறேன். வாத்தியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வேலை இங்கே உன்னோடு தொடங்கவில்லை. நீலகிரியில் கோத்தர் என்னும் பழங்குடியினருக்கு ஏழு ஊர்கள். கரும்பசு ஒன்று முன்னே நடந்து போனது, அது காலை ஊன்றிய இடமெல்லாம் ஊரானது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இரும்படித்தார்கள், மண்பாண்டம் செய்தார்கள், மரவேலை செய்தார்கள். அத்தோடு மலை முழுவதற்கும் வாத்தியக்காரர்களாகவும் இருந்தார்கள். இரட்டைச் சீவாளி வைத்த ‘கொள்’ என்னும் குழல், வளைந்த பித்தளைக் கொம்பு, பறைகள். படகரின் ஊரான ஹட்டியில் சாவு விழுந்தாலும் தோடரின் ஊரான மந்தில் சாவு விழுந்தாலும் கோத்தர் வாத்தியம் அங்கே போயாக வேண்டும். படகர்கள் தானியம் கொடுத்தார்கள், தோடர்கள் நெய்யும் எருமையும் கொடுத்தார்கள். எந்தக் கோத்தக் குடும்பம் எந்தப் படகக் குடும்பத்துக்கு வாசிப்பது என்பதுவரை தலைமுறை தலைமுறையாக முறை இருந்தது.

அவர்களிடம் நீ கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு, ஆட்டத்துக்கு வேறு. சாவு மெட்டைச் சும்மா பொழுதுபோக்காக வாசிக்க மாட்டார்கள். தெய்வ மெட்டிலும் இந்த இடத்துக்கு இது, இந்தச் சடங்குக்கு இது என்ற கணக்கு உண்டு. ரிச்சர்ட் வுல்ஃப் என்ற இசை ஆய்வாளர் கோத்தர்களோடு நெடுநாள் பழகி 2005இல் வெளியிட்ட புத்தகத்துக்குக் ‘கரும்பசுவின் காலடி’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். காலம், இடம், இசை மூன்றும் கோத்தர் வாழ்வில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதே அந்தப் புத்தகம். முகாம் பாடகருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. எங்கே, எப்போது, யாருக்காக என்று தெரியாமல் கிதாரைக் கையில் எடுக்காதே.

அந்தப் போக்குவரத்து அறுந்த கதையும் உனக்குத் தெரிய வேண்டும். 1930களில் படகர்களில் சீர்திருத்தம் பேசிய ஒரு பிரிவினர் கோத்தர் வாத்தியம் இனி வேண்டாம் என்றார்கள். பழைய முறை வேண்டும் என்றவர்களோடு சண்டையே வந்தது. மானுடவியலாளர் டேவிட் மண்டல்பாம் அந்தக் காலத்தில் இங்கே இருந்து இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். படிப்படியாகக் கோத்தர்கள் ஹட்டிகளுக்குப் போய் வாசிப்பது நின்றது. இசை நிற்கவில்லை. தங்கள் ஊர்த் திருவிழாவிலும் சாவிலும் அவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். ஆனால் ஒரு மலையின் சமூகங்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருந்த கயிறு ஒன்று போய்விட்டது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. உன் முகாமில் படகப் பிள்ளையும் கோத்தப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடினால், அது சின்னக் காரியம் என்று நினைத்துவிடாதே.

அதற்காக ஒரு கோத்தப் பையனை எழுப்பி, “உங்க ஊர் மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டு” என்று கேட்காதே. எதைப் பொதுவில் வாசிக்கலாம், எதைக் கூடாது என்று அவன் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் போய்க் கேள். அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள், கொடுக்காததைத் தொடாதே. போனில் பதிவு செய்வதற்கும் இதே விதிதான்.

தோடர்களிடமிருந்து ஒரு உத்தியை எடுத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் இங்கே தங்கித் தோடர் பாட்டுகளைத் திரட்டினார். 1971இல் அது பெரிய நூலாக வந்தது. தோடர்கள் எந்தப் புது நிகழ்ச்சிக்கும் உடனே பாட்டுக் கட்டக்கூடியவர்கள். இணை இணையாக வரும் சொற்றொடர்கள் அவர்களிடம் தயாராக இருக்கும். முகாமில் நீயும் அப்படிச் செய்து பார். மெட்டை நீ கொடு, முதல் அடியை நீ பாடு, அதற்கு இணையான அடியைப் பிள்ளைகளே சொல்லட்டும். அவர்கள் ஊர்ப் பெயர், ஓடைப் பெயர், பஸ் நம்பர் எல்லாம் பாட்டுக்குள் வரட்டும். தானே கட்டிய அடியைப் பிள்ளை மறக்காது.

தோட்டத்து முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உனக்கு அதிகம் பழக்கமில்லாத இடம் அது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒத்துக்கொண்டது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. இன்று டான்டீ என்கிறோமே, அதுதான். அப்படி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் உன் முன்னால் உட்காரப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பாட்டிகளிடம் தாலாட்டும் கும்மியும் தெம்மாங்கும் கேட்டுப் பார். மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பற்றிக் கேள். இலங்கைத் தோட்டங்களில் விடியற்காலையில் தப்பு என்னும் பறையை அடித்துத்தான் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு அணிவகுக்க, கூப்பிட்டார்கள். வேலைக்கு விரட்டிய அதே தப்புத்தான் திருவிழாவில் ஆடவும் வைத்தது.

மே மாதம் கொழுந்து பொங்கி வருகிற காலம். அம்மாமார் காலையிலேயே மலைக்குப் போய்விடுவார்கள், இலை நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்ப மாலை ஐந்தாகிவிடும். பள்ளியும் விடுமுறை. அதனால் பகலெல்லாம் பிள்ளைகள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில்தான் இருப்பார்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அக்காமார் வருவார்கள். குழந்தையைக் கொண்டு வராதே என்று யாரிடமும் சொல்லிவிடாதே. அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை. நிகழ்ச்சியைப் பொழுதோடு முடித்துவிடு. கோத்தகிரி, குன்னூர்த் தோட்டங்களில் இருட்டினால் காட்டெருமை பாதைக்கு வரும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை. இன்னும் ஒரே ஒரு பாட்டு என்று நீ இழுக்கிற நேரத்தில், அந்தப் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டியிருக்கும்.

ஒலிபெருக்கி வேண்டாம். கரோக்கி டிராக் கட்டாயம் வேண்டாம். கரண்ட் போனால் நின்றுவிடுகிற பாட்டு அங்கே உதவாது. உள்ளூரில் தப்பு இருந்தால் அதை அடிக்கத் தெரிந்தவரை மரியாதையாக அழைத்துப் பக்கத்தில் உட்காரவை. அவர் தப்பைக் காய்ச்சுவதைப் பிள்ளைகளும் பார்க்கட்டும். கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியைக் கொளுத்தி, தோல்முகத்தைத் தீக்கு நேரே காட்டிச் சுற்றிக்கொண்டே விரலால் சுண்டிப் பார்ப்பார். முதலில் ‘தொப் தொப்’ என்று சவசவத்துக் கேட்கும். சூடு ஏற ஏற ஓசை இறுகும். இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் தோல் வெடித்துவிடும் என்கிற கட்டத்தில் வெளியே இழுத்து, உள்ளங்கையால் தோலைத் தடவி, ஓர் அடி அடிப்பார். எதிர்ச் சரிவிலிருந்து அது திரும்பி வரும். மலைப் பனியில் தோல் மறுபடியும் தளரும், அதனால் தீ அணையாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பையன்களை நியமித்துவிடு.

உன் கிதாருக்கும் குளிர் உண்டு. கூடலூருக்குப் போகிற வழியில் ஊட்டியைத் தொடுவதற்குள் மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் ஏறிவிடுவாய். குளிரில் எஃகுத் தந்தி இறுகிச் சுருதி ஏறும், புல்லாங்குழலோ சுருதி இறங்கும். குழல் வாசிக்கும் தோழியோடு போனால் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்ததும் சுருதி சேர்க்காதே. அரை மணி நேரம் அறையிலேயே இருக்கட்டும், குழலை ஊதிச் சூடேற்றிக்கொள்ளட்டும், பிறகு சேருங்கள். மலை உயரத்தில் முதல் நாள் உனக்கே மூச்சு வாங்கும். நீண்ட சங்கதிகளை மறுநாளைக்கு வைத்துக்கொள்.

பிள்ளைகளின் சுருதியைப் பற்றி ஒரு வார்த்தை. உன் குரலுக்கு வசதியானது அவர்களுக்கும் வசதியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. முதல் வரியைப் பாடவிட்டு முகத்தைப் பார். கழுத்து நரம்பு புடைத்தால் இறக்கு, வாய்க்குள்ளேயே முனகினால் ஏற்று. பாட்டைத் தாளில் அச்சடித்துக் கொடுக்காதே. தாளைக் கொடுத்தால் கண் தாளில் இருக்கும், காது மூடிக்கொள்ளும். நீ ஒரு வரி, அவர்கள் ஒரு வரி, பிறகு இரண்டு வரி. மூன்றாம் முறை நீ வாயை மூடிக்கொள். அவர்கள் தாங்களாகப் பாடி முடித்தால் பாட்டு அவர்களுடையதாகிவிட்டது. முடிக்காவிட்டால் பாட்டு நீளம், வெட்டு.

கூடலூரில் பணியர் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள். அவர்கள் வீட்டில் துடியும் குழலும் உண்டு, தாளம் பிறவியிலேயே காலில் இருக்கிறது. அங்கே நீ சொல்லிக் கொடுப்பதைக் குறை, கேட்பதைக் கூட்டு. தமிழ் எல்லோருக்கும் வீட்டு மொழி என்று எண்ணிவிடாதே. படக மொழி, பணியர் மொழி, மலையாளம், கன்னடம் எல்லாம் புழங்கும் மாவட்டம் இது. குன்னூர்ப் பள்ளி முகாமில் சிரமம் இருக்காது. பியானோவும் ஆசிரியர்களும் இருப்பார்கள், மேற்கத்தியப் பாட்டு நிறையத் தெரிந்த பிள்ளைகள். அவர்களுக்குத் தோட்டத்துப் பாட்டு ஒன்றைக் கொண்டு போ. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே தினம் கொழுந்தெடுப்பவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் யாரிடம் அந்தப் பாட்டைக் கற்றாய் என்று அந்தப் பாட்டியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடு. பெயர் சொல்லாமல் பாடினால் திருட்டு.

பணத்தை முன்னாலேயே பேசிவிடு. வசதியுள்ள பள்ளியிடம் உனக்குரியதை முழுதாகக் கேட்டு வாங்கு, கூச்சப்படாதே. இது உன் தொழில். தப்படிக்க வருபவருக்கும் உன் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் எழுதியே வாங்கிக்கொள். அவருக்கு டீயும் சால்வையும் மட்டும் கொடுத்து அனுப்புகிற பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. அதை உன் முகாமில் நிறுத்து.

வருகிற வழிக்கு வருவோம். மலை ரயில் ஆசை இருந்தால் திரும்பும்போது வைத்துக்கொள். ஏறும்போது ஊட்டி வரை 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும், கிதார்ப் பெட்டிக்கு இடமும் இருக்காது. காரில் வந்தால் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2024 மே 7 முதல் அந்த முறை இருக்கிறது. அரசு பஸ்ஸில் வருபவருக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டு வா. ஸ்வெட்டர் இரண்டு. கிதார்ப் பெட்டிக்கு மழை உறை. கூடுதல் தந்தி ஒரு செட், இங்கே கடையில் நீ கேட்கிற தந்தி கிடைக்காது.

குன்னூர் முகாம் முடிந்த மறுநாளே தோட்டத்துக்குப் போகாதே. நடுவில் ஒரு நாள் இங்கே வந்து தங்கு. லயத்துப் பாட்டி ஒருவரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன், அவரோடு உட்கார்ந்து இரண்டு பாட்டைக் கற்றுக்கொண்ட பிறகு போகலாம். தேதிகளை மட்டும் இந்த வாரத்துக்குள் எழுதிவிடு. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு.

அன்புடன்,
மாமா